சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீடு உண்டா?

தோட்டத்து வாசகர்களுக்குச் செக்ரோல் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே பிரட்டுக் களத்தில் போய் நின்று பெயர் கொடுத்தால், அன்றைக்கு நீங்கள் வேலைக்கு வந்தீர்கள் என்பதற்குக் கிராணியார் எழுதுகிற பதிவுதான் சாட்சி. சம்பளம், சேமநிதிப் பிடித்தம், பண்டிகை முன்பணம் எல்லாமே அந்தப் புத்தகத்திலிருந்து பிறப்பவை. பட்டணத்துக் கடையில் தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனாலும் சம்பளச் சீட்டை நீட்டினால் போதும், கடைக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

அதே தோட்டத்திலிருந்து புறப்பட்டு, சிங்கப்பூரில் நிரந்தரவாசியாகி, பிறகு குடியுரிமையும் பெற்று, அங்கே சொந்தத் தொழில் செய்கிற உங்கள் தம்பியையோ மைத்துனரையோ நினைத்துப் பாருங்கள். வாடகைக் கார் ஓட்டுகிறார். அல்லது வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். அல்லது தேக்கா பக்கம் மாலை கட்டி விற்கிறார். கையில் காசு புரள்கிறது. தீபாவளிக்கு வந்தால் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார். ஆனால், "எப்போதடா சொந்த வீடு வாங்கப் போகிறாய்?" என்று அம்மா கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்.

காரணம் சோம்பலுமல்ல, ஊதாரித்தனமுமல்ல. அவருக்குச் செக்ரோல் இல்லை! மாதம் 5,000 வெள்ளி சம்பாதித்தாலும், சம்பாதிக்கிறார் என்று எழுதிக் கொடுக்க ஒரு கிராணியார் இல்லை. வருமானம் வேறு, வருமானத்துக்குச் சான்று வேறு. கடன் கொடுக்கிறவர் பார்ப்பது சான்றைத்தான். அந்தச் சான்றை அவர் தாமே எழுதிக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு இரண்டு வருடம் பிடிக்கும். இதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

செட்டித் தெருவில் பார்த்த முகம்

சிராங்கூன் சாலை வட்டாரம் தொடக்கத்திலிருந்தே சொந்தத் தொழில்காரர்களின் ஊர். மாட்டு வியாபாரம் நடந்த இடம் என்பதற்குப் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களே சாட்சி சொல்கின்றன. பால்காரர், சலவைக்காரர், மாவு அரைப்பவர், பொற்கொல்லர், ஐந்தடி நடைபாதையில் பத்திரிகையும் வெற்றிலையும் விற்றவர் என்று அங்கே வாழ்ந்தவர்களில் பலருக்கு முதலாளி என்று ஒருவர் இருந்ததில்லை.

இவர்களுக்கு அந்தக் காலத்தில் கடன் எங்கே கிடைத்தது? ஆற்றங்கரைக்கு அருகே மார்க்கெட் தெருவில், நம்மவர்கள் செட்டித் தெரு என்று அழைத்த இடத்தில், நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், வரிசையாக மேசைப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு வட்டிக்கடை. தேங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டு தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியவர்கள் இவர்கள்தாம். பெரிய ஆங்கில வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத சிறு வியாபாரிக்கும் செட்டியார் கடன் கொடுத்தார். கடன் கேட்டு வந்தவருடைய கடை எங்கே, சரக்கு எப்படி விற்கிறது, முன்பு வாங்கியதை ஒழுங்காகத் திருப்பினாரா என்று விசாரித்துக் கொடுத்தார். அங்கே முகம்தான் சான்று. வட்டி அதிகம்தான், ஆனால் சம்பளச் சீட்டை யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு அந்தக் கிட்டங்கிகள் மார்க்கெட் தெருவில் இல்லை. அந்த இடமெங்கும் உயரமான வங்கிக் கட்டடங்கள். அவற்றுக்கு முகம் தெரியாது, காகிதம்தான் தெரியும்.

1968இல் திறந்த கதவு

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. முதலில் வீடுகளை வாடகைக்குத்தான் விட்டார்கள். 1964இல் குவீன்ஸ்டவுனில் விற்பனை தொடங்கியபோது ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. கேட்கவே பெருமூச்சு வருகிறதல்லவா? அந்த விலைக்கும் அப்போது கூட்டம் அலைமோதிவிடவில்லை. முன்பணம் கட்ட மக்கள் கையில் ரொக்கம் இல்லை.

1968இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 1955 முதல் முதுமைக்கென்று பிடித்து வைத்த மத்திய சேமநிதியிலிருந்தே வீட்டுக்கு முன்பணமும் மாதத் தவணையும் கட்டலாம் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகுதான் தொழிற்சாலைத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் அலுவலகச் சேவகரும் சொந்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள். ஒரு காலத்தில் ரப்பரும் அன்னாசியும் விளைந்த நிலங்களில் புதிய நகரங்கள் எழுந்தன. தோட்ட முதலாளியாக இருந்த லிம் நீ சூனின் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் என்று ஒரு நகரத்துக்கே பெயரானது. அங்கெல்லாம் பால் வெட்டிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதவின் சாவி சேமநிதி. சேமநிதி யாருக்கு? முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவருக்கு. சொந்தத் தொழில்காரருக்கு அது கட்டாயமில்லை. 1992இல் அவருக்கும் ஒரு கட்டாயம் வந்தது. அது மருத்துவத்துக்கான மெடிசேவ் கணக்குக்கு மட்டும். வருடத்தில் 6,000 வெள்ளிக்கு மேல் நிகர வருமானம் உள்ளவர் அதில் கட்டியாக வேண்டும். மெடிசேவ் பணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வீடு வாங்க முடியாது.

இதன் கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 35 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மாதம் 5,000 வெள்ளி சம்பளம் வாங்கினால், அவருடைய 20 விழுக்காடும் முதலாளியின் 17 விழுக்காடும் சேர்ந்து சேமநிதிக்குப் போகின்றன. அதில் வீட்டுக்குப் பயன்படும் சாதாரணக் கணக்கில் விழுவது சம்பளத்தில் 23 விழுக்காடு, அதாவது மாதம் 1,150 வெள்ளி. பத்து வருடத்தில் வட்டி இல்லாமலே 138,000 வெள்ளி! அதே 5,000 வெள்ளியைக் கார் ஓட்டிச் சம்பாதித்தவரின் சாதாரணக் கணக்கில், அவராகப் போட்டிருந்தால் ஒழிய, ஒரு காசும் இராது. இருவரும் ஒரே அளவு சம்பாதித்தவர்கள். வீடு வாங்கப் போகும் நாளில் ஒருவர் நிறைகுடம், மற்றவர் வெறுங்குடம்.

வங்கி போடும் கணக்கு

இனி, கடன் கேட்டு வங்கிக்குள் போவோம். 2013ஆம் ஆண்டு ஜூனில் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒருவர் மாதந்தோறும் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அவர் வருமானத்தில் இத்தனை விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அப்போது 60 விழுக்காடு என்றிருந்ததை 2021 டிசம்பரில் 55 ஆக இறக்கினார்கள். கழக வீடாக இருந்தால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வீட்டுத் தவணை மட்டும் வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

இதுவரை எல்லோருக்கும் பொதுவானது. சொந்தத் தொழில்காரருக்கு மட்டும் இன்னோர் இடி. மாதாமாதம் ஏறி இறங்கும் வருமானமானால், வங்கி அதில் குறைந்தது 30 விழுக்காட்டைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 100 வெள்ளி சம்பாதித்தால் வங்கியின் கண்ணுக்கு 70 வெள்ளி!

ஒரு வாடகைக் கார் ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். மாதம் 5,000 வெள்ளி வசூல். வருமான வரிக் கணக்கில் கார் ஓட்டுநர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெட்ரோல், கார் வாடகை என்று ரசீது சேர்த்து வைக்காவிட்டாலும், வசூலில் 60 விழுக்காட்டைச் செலவு என்று கழித்துக்கொள்ளலாம். ஓட்டுநர்கள் பலருக்கு இது வரப்பிரசாதம். 5,000 வெள்ளியில் 3,000 கழிந்து, வருமானம் 2,000 வெள்ளி என்று பதிவாகும். வரி ஏறக்குறைய இல்லை. மனம் குளிர்ந்துவிடுகிறது.

இரண்டு வருடம் கழித்து அவர் வங்கிக்குப் போகிறார்.

"உங்கள் வருமானம் எவ்வளவு, அண்ணே?"

"மாதம் ஐயாயிரம் வரும், தம்பி."

"வரி மதிப்பீட்டு அறிவிப்பைக் காட்டுங்கள்."

காட்டுகிறார். அதில் 2,000 என்றுதான் இருக்கிறது. அந்த 2,000த்திலும் 30 விழுக்காட்டைத் தள்ளினால் 1,400. அதில் 30 விழுக்காடுதான் வீட்டுத் தவணைக்கு. மாதம் 420 வெள்ளி. வங்கிகள் கடனைக் கணக்கிடும்போது, உண்மை வட்டி அதைவிடக் குறைவாக இருந்தாலும், குறைந்தது 4 விழுக்காடு என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது 2022 செப்டம்பரிலிருந்து விதி. அந்தக் கணக்கில் 25 வருடத்துக்கு 420 வெள்ளித் தவணையில் கிடைக்கும் கடன் சுமார் 79,500 வெள்ளி.

மாதம் 5,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்குகிறவருக்கு அதே கணக்கில் 284,000 வெள்ளி கிடைக்கும். நாலறை மறுவிற்பனை வீடுகள் பல வட்டாரங்களில் 500,000 வெள்ளியைத் தாண்டி நிற்கும் ஊரில், 79,500 வெள்ளிக் கடனை வைத்துக்கொண்டு எந்த வீட்டைப் பார்ப்பது?

ஓட்டுநருக்கு உண்மையிலேயே பெட்ரோலும் வாடகையும் உண்டு, 5,000 முழுவதும் அவர் கைக்கு வருவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்கொண்டு தள்ளப்படும் 30 விழுக்காடு எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு வருடச் சராசரியைப் பார்த்த பிறகுமா ஒருவரை நம்பக்கூடாது? மழை நாளில் பால் வெட்டு இல்லாவிட்டாலும் வருடக் கடைசியில் ஒரு சராசரி வரத்தானே செய்கிறது! விதி விதிதான். நாம் செய்யக்கூடியது, கழிப்பதற்கு முன்னால் இருக்கும் தொகையைச் சரியாகக் காட்டுவது.

முன்னூற்று முப்பது வெள்ளியின் விலை

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். சொந்தத் தொழில்காரர் பலர் சறுக்குவது இங்கேதான்.

தரைக்கல் பதிக்கும் குத்தகைக்காரர் ஒருவர். சாமான் செலவு, ஆள் கூலி எல்லாம் போக வருடத்தில் 36,000 வெள்ளி நிற்கிறது. வாடிக்கையாளர் பலர் ரொக்கமாகக் கொடுப்பதால், யாருக்குத் தெரியப் போகிறது என்று 24,000 மட்டும் கணக்குக் காட்டுகிறார். சிங்கப்பூரில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு. அதற்கடுத்த 10,000க்கு மூன்றரை விழுக்காடு. சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தாலும் 24,000க்கு வரி 80 வெள்ளி. 36,000க்கு 410 வெள்ளி. மறைத்ததனால் மிச்சம் 330 வெள்ளி. மெடிசேவ் தொகையிலும் கொஞ்சம் குறையும். ஆனால் அது அவருடைய கணக்கிலேயே இருக்கும் பணம், அதை மிச்சம் என்று சொல்ல முடியாது.

இழந்தது என்ன? மாதம் 1,000 வெள்ளி வருமானம் காகிதத்திலிருந்து காணாமல் போனது. வங்கிக் கணக்கில் அது 700. அதில் 30 விழுக்காடு 210 வெள்ளித் தவணை. 25 வருடக் கடனில் அதன் மதிப்பு சுமார் 39,700 வெள்ளி! 330 வெள்ளியை மிச்சம் பிடித்து, 39,700 வெள்ளிக் கடனுக்கான தகுதியை விட்டுவிட்டார். வருமானத்தை மறைப்பது குற்றம், பிடிபட்டால் அபராதம் என்பது வேறு கதை.

ஆகவே செக்ரோலை எழுதத் தொடங்க வேண்டிய நாள் வீடு பார்க்கும் நாளல்ல. சொந்தத் தொழில்காரரிடம் வங்கிகள் வழக்கமாகக் கேட்பது கடைசி இரண்டு வருட வரி மதிப்பீட்டு அறிவிப்புகளை. ஒரு வருடத்தின் வருமானத்தை மறு வருடம் ஏப்ரல் 18க்குள் இணையம் வழி தாக்கல் செய்ய வேண்டும். அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வரும். ஆக, இரண்டு அறிவிப்பு கையில் சேர இரண்டு தீபாவளி கடந்துவிடும். 2030இல் வீடு வாங்க நினைப்பவரின் 2028ஆம் ஆண்டு வருமானம் சுத்தமாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

அதற்கு ஓர் எளிய பழக்கம் போதும். தொழிலுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு. வாங்கும் ரொக்கத்தை அன்றோ மறுநாளோ அதில் போட்டுவிடுவது. கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்கி ஒரு பிஸ்கட் டின்னிலாவது போட்டு வைப்பது. எப்படியும் ஐந்து வருடத்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று வருமான வரிக்காரர்கள் கேட்கிறார்கள். கார் ஓட்டுநர்கூட, தம்முடைய உண்மைச் செலவு 60 விழுக்காட்டை எட்டவில்லை என்றால், ரசீதுகளோடு உண்மைச் செலவையே கழித்துக் கணக்குக் காட்டலாம். வரி சில வெள்ளி கூடும். காகிதத்தில் வருமானமும் கூடும். தோட்டத்தில் கிராணியார் செய்த வேலையை இங்கே நீங்களே செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

கழகத்தின் கதவும் வங்கியின் கதவும்

கழக வீடு வாங்குகிறவர் வங்கியிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. கழகமே கடன் கொடுக்கிறது. அதன் வட்டி, சேமநிதிச் சாதாரணக் கணக்கின் வட்டியைவிட 0.1 விழுக்காடு கூடுதல். சாதாரணக் கணக்கின் வட்டி 1999 முதல் இரண்டரை விழுக்காட்டிலேயே நிற்பதால், கழகக் கடன் வட்டி 2.6 விழுக்காடு. வங்கி வட்டி சந்தையோடு ஏறும், இறங்கும். மாத வருமானமே ஏறி இறங்குகிறவருக்குத் தவணையாவது அசையாமல் இருப்பது நல்லது என்பது என் கட்சி. கழகமும் சொந்தத் தொழில்காரரிடம் வரி மதிப்பீட்டு அறிவிப்பைக் கேட்கிறது. ஆகவே மேலே சொன்ன செக்ரோல் இரண்டு கதவுக்கும் வேண்டும்.

முன்பணத்தில்தான் பெரிய வித்தியாசம். 2024 ஆகஸ்ட்டிலிருந்து, வங்கியானாலும் கழகமானாலும் வீட்டு விலையில் 75 விழுக்காடுதான் கடன். 400,000 வெள்ளி வீட்டுக்கு 100,000 வெள்ளியை நாம் கொண்டுவர வேண்டும். வங்கிக் கடனானால் அதில் 20,000 ரொக்கமாகவே இருக்க வேண்டும். கழகக் கடனானால் 100,000 வெள்ளியையும் சேமநிதியிலிருந்தே கட்டலாம், ரொக்கம் கட்டாயமில்லை. ஆனால் நம்மவரின் சேமநிதி வெறுங்குடம் என்று முன்பே பார்த்தோமே!

அந்தக் குடத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு வழி அரசாங்க மானியம். முதன்முறை வீடு வாங்கும் குடும்பத்துக்கு, மாத வருமானம் 9,000 வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தால், மேம்படுத்தப்பட்ட சேமநிதி வீட்டு மானியம் உண்டு. 2024 ஆகஸ்ட்டு முதல் அது 120,000 வெள்ளி வரை போகிறது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். பணம் கைக்கு வராது. சாதாரணக் கணக்கில் விழுந்து வீட்டுக்குப் போய்விடும். விண்ணப்பிக்கும் தம்பதியரில் ஒருவராவது அதற்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். சொந்தத் தொழிலும் வேலைதான். ஆனால் 12 மாதம் செய்தேன் என்று காட்டுவதற்கு மறுபடியும் காகிதம்! மானியம் கூடும் என்பதற்காக வருமானத்தைக் குறைத்துச் சொல்லலாமே என்று ஒரு குறுக்குப் புத்தி தோன்றும். பொய் அறிவிப்பு குற்றம். கிடைத்த வீடே கைவிட்டுப் போகலாம்.

தேக்காவில் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1915இல் எழுந்த பழைய சந்தைக்குப் பதிலாக 1982இல் திறக்கப்பட்டது இப்போதைய தேக்கா நிலையம். கீழே மீனும் கறியும் காய்கறியும், மாடியில் துணிக்கடையும் தையல்காரர்களும், அதற்கும் மேலே கழக வீடுகள். கீழே வியாபாரம் செய்து கொண்டு, என்றைக்காவது மேலே குடியேற வேண்டும் என்று அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ! அங்காடிக் கடையோ வேறு கடைக்கட்டடமோ சொந்தமாக வைத்திருப்பவருக்குக் கழகக் கடனில் தனி நிபந்தனை உண்டு. அப்படி ஒன்றுதான் இருக்கலாம். அதில் அவரே தொழில் நடத்த வேண்டும். வேறு வருமானம் இருக்கக்கூடாது. வாடகைக்கு எடுத்து நடத்துகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீடு தேடக் கிளம்புவதற்கு முன் கழகத்திடமிருந்து வீட்டுத் தகுதிக் கடிதம் பெற வேண்டும் என்பது 2023 மே மாதத்திலிருந்து வழக்கம். எந்த வீடு வாங்கலாம், எவ்வளவு மானியம், கழகக் கடன் எவ்வளவு என்று ஒரே கடிதத்தில் சொல்லிவிடுவார்கள். இதைப் பெறாமல் வீட்டுக்காரரிடம் முன்பணம் நீட்டுகிறவரை என்னென்பது!

நிரந்தரவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகளாக இருந்தால், அந்தத் தகுதி பெற்று மூன்று வருடம் ஆன பிறகு மறுவிற்பனை வீடு மட்டும் வாங்கலாம். கழகக் கடனும் இந்த மானியமும் அவர்களுக்கில்லை, வங்கிதான் வழி. வேலை அனுமதிச் சீட்டில் ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய்வருகிற பிள்ளைகளுக்குக் கழக வீட்டுக் கதவு திறக்காது. அதை எப்படியோ திறந்து தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால் ஏமாந்துவிட வேண்டாம்.

வீட்டுக்காரியின் சம்பளச் சீட்டு

பல குடும்பங்களில் கணவர் சொந்தத் தொழில், மனைவி எங்காவது சம்பளத்துக்கு வேலை. "அவள் சம்பளம் என்ன பெரிய சம்பளம்" என்று அலட்சியமாகச் சொல்லும் அண்ணன்மார்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். நம் கார் ஓட்டுநரின் மனைவி பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து 1,800 வெள்ளி நிலையான சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 1,800ஐ வங்கி 1,800 ஆகவே எடுத்துக்கொள்ளும், கழிவு இல்லை. ஓட்டுநரின் 1,400ம் சேர்ந்து 3,200. தவணைக்கு 960 வெள்ளி. கடன் 79,500லிருந்து சுமார் 181,800 வெள்ளிக்கு ஏறிவிடுகிறது! அந்தம்மாவுடைய சேமநிதிச் சாதாரணக் கணக்கும் முன்பணத்துக்குக் கை கொடுக்கும். 5,000 வெள்ளி வசூல் பார்க்கும் கணவரைவிட 1,800 வெள்ளி மனைவிக்குத்தான் வங்கியில் மதிப்பு அதிகம்.

கடன்களையும் எண்ணிப் பாருங்கள். காருக்குத் தவணை, கடனட்டைப் பாக்கி, தங்கைக்குக் கல்யாணம் செய்ய எடுத்த கடன் எல்லாமே அந்த 55 விழுக்காட்டுக்குள் வந்துவிடும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம் என்பது 2015இலிருந்து சிங்கப்பூர்ச் சட்டம். வருடத்துக்கு 48 விழுக்காடு! 2.6 விழுக்காட்டுக் கடனுக்கு முன்பணம் கட்ட அங்கே போய் நிற்பது நெருப்பை மடியில் கட்டுவது போல. நண்பர்களுக்குள் சீட்டுப் போட்டு எடுத்த பணம் கெட்டதில்லை. ஆனால் சிங்கப்பூரில் 1970களின் தொடக்கத்தில் ஜெமினி சீட்டு நிறுவனம் சரிந்து, சிறுகச் சிறுகக் கட்டியவர்கள் பணத்தைப் பறிகொடுத்த கதை வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

புதிதாக வந்த சட்டம்

இத்தனை காலம் கழித்து ஒரு மாற்றம் வந்திருக்கிறது. கைப்பேசிச் செயலி வழி கார் ஓட்டுகிறவர், சாப்பாடும் பொட்டலமும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் ஆகியோருக்கென்று தனிச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குச் சாதாரணக் கணக்கு உள்ளிட்ட சேமநிதி கட்டாயம். ஊழியர் ஒரு பங்கு, செயலி நிறுவனம் ஒரு பங்கு. விகிதம் வருடா வருடம் ஏறி 2029இல் சம்பளக்காரர்களுக்குச் சமமாகிவிடும். வசூலில் கார், வேன் ஓட்டுநருக்கு 60, மோட்டார் சைக்கிள்காரருக்கு 35, சைக்கிளிலோ நடந்தோ போகிறவருக்கு 20 விழுக்காட்டைச் செலவாகக் கழித்து, மீதிக்குத்தான் சேமநிதி. அந்த 37 ஆண்டு, 40 ஆண்டு சேமநிதியில்லாத தகப்பன்மார்களைப் போலன்றி, இந்த இளைஞர்களின் குடத்தில் துளித்துளியாகத் தண்ணீர் விழத் தொடங்கியிருக்கிறது.

1995க்கு முன் பிறந்தவர்களும் விரும்பினால் சேரலாம். சேர்ந்தால் பிறகு விலக முடியாது. மாத வருமானத்தில் ஒரு பகுதி கைக்கு வராமல் போகும் என்பதால் பலர் தயங்குகிறார்கள். முப்பத்தைந்து வயதில், இன்னும் வீடு வாங்காமல், பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறவர் சேர்வது நல்லது என்பேன். நிறுவனத்தின் பங்கு அவர் தனியாகச் சேர்த்தால் கிடைக்காத பணம். ஐம்பத்தெட்டு வயதில் சொந்த வீட்டில் இருக்கிறவருக்கு அந்த அவசரம் இல்லை. மாலை கட்டுகிறவர், தையல்காரர், தரைக்கல் குத்தகைக்காரர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்கள் சுயவிருப்பமாகச் சேமநிதியில் கட்டலாம். அதற்கு வரிச் சலுகையும் உண்டு. ஆனால் அந்தப் பணம் மூன்று கணக்குகளுக்கும் பிரிந்து போகும், அவசரத்துக்குத் திருப்பி எடுக்க முடியாது.

நம் பக்கத்தில்

மலேசியாவில் இருக்கும் வாசகர்கள், "எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்பீர்கள். லயத்தை விட்டு வெளியேறி, லோரி ஓட்டியும் புல்வெட்டும் குத்தகை எடுத்தும் பலகாரம் சுட்டு விற்றும் பிழைக்கிறவர்களுக்கும் வங்கியில் அதே கேள்விதான். இங்கே 2008இல் அரசாங்கம் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மலாய் மொழியில் ஸ்கிம் ஜாமினான் கிரெடிட் பெருமாஹான், சுருக்கமாக எஸ்.ஜே.கே.பி. கடனை வங்கிதான் கொடுக்கும். நிலையான வருமானமோ சம்பளச் சீட்டோ இல்லாதவருக்காக, நிதியமைச்சின் கீழ் உள்ள இந்த நிறுவனம் ஜாமீன் நிற்கும். திட்டத்தில் பங்கெடுக்கும் வங்கிக் கிளையில், எஸ்.ஜே.கே.பி. வழி விண்ணப்பிக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் முகப்பில் இருப்பவர் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். போகும்போது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் கடைசி ஆறு மாதப் பக்கங்களும், தொழில் பதிவு இருந்தால் அதுவும், வருமான வரிப் படிவமும் கையோடு இருக்கட்டும்.